வலைச் சர்வர்களின் நடத்தைப் பரீட்சை

கயத்தாறு என்ற மாத்திரத்தில் தமிழர் நெஞ்சில் எழுவது 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மன் அங்கே தூக்கிலிடப்பட்ட சமாசாரம்தான். அந்த ஒரு நாளின் பாரத்தால் ஊரின் மற்ற விசேஷங்கள் வெளியூரார் கண்ணில் படாமலே போய்விட்டன. செங்கோட்டைக் கணவாய் வழியாக வைகாசி முதல் புரட்டாசி வரை பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று இந்த வெட்டவெளியில் தடையின்றி வீசுவதைக் கண்டு, டென்மார்க் தேசத்தாரின் ஒத்தாசையோடு காற்றாலைகளுக்கென ஒரு பரிசோதனை நிலையம் இங்கே அமைந்தது. சென்னையில் 1998-இல் தொடங்கி, இன்று தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என வழங்கும் ஸ்தாபனத்தைச் சேர்ந்தது அது. இயந்திரம் செய்தவர் எழுதித் தரும் நற்சாட்சிப் பத்திரத்தைப் படித்து அங்குள்ளோர் திருப்தி அடைவதில்லை. காற்றின் வேகத்தை அளக்கும் கம்பத்தை ஒரு பக்கம் நிறுத்தி, காற்றாலை ஈனும் மின்சாரத்தை மறுபக்கம் அளந்து, இன்ன வேகத்துக்கு இன்ன அளவு எனக் குறித்துக்கொண்டே போய், சர்வதேசத் தரவிதிகளோடு ஒத்திட்டுப் பார்த்த பிறகே அவர்கள் வாய் திறப்பார்கள்.

செய்தவன் சொல்லை நம்பாமல் செய்த பொருளின் நடத்தையைப் பார்க்கும் இந்தத் தொழிலுக்குக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கிளை உண்டு. உலகத்தின் வலைத்தளங்களைச் சுமந்து நிற்கும் சர்வர்கள், தாம் அனுப்பும் தகவலை இணையத்தில் எப்படி அனுப்புகின்றன, நெரிசல் கண்டால் அடக்கத்தோடு ஒதுங்குகின்றனவா அல்லது முண்டியடிக்கின்றனவா என்பதை வெளியிலிருந்தே சோதித்தறியும் தொழில் அது. சுமார் முப்பதாண்டுப் பழமையே உள்ள அதன் சரித்திரம் நம் மொழியில் அதிகம் பேசப்பட்டதில்லை. பேசத் தகுதியற்றதென்று நான் எண்ணவில்லை.

விண்டன் சர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவரும் 1974-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் கருக்கொண்டு, 1981-இல் முறையான விதியாக வகுக்கப்பட்டு, 1983 ஜனவரி முதல் தேதி அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையின் ஆர்ப்பாநெட் முழுவதிலும் அமலுக்கு வந்த ஏற்பாடே டி.சி.பி. என்பது. அனுப்ப வேண்டிய தகவலைப் பாக்கெட்டுகளாகத் துண்டிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டு அனுப்புவதும், மறுமுனையிலிருந்து "இதுவரை வந்து சேர்ந்தது" என்னும் ஒப்புகை வருகிறதா எனக் காத்திருப்பதும், வராவிட்டால் மறுபடி அனுப்புவதும் அதன் சாரம். ஒப்புகை வருவதற்கு முன்பே எத்தனை பாக்கெட்டுகளை வழியில் விடலாம் என்பதற்கு ஜன்னல் என்று பெயர். பெறுகிறவனால் எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியும் என்பதைக் கேட்டறிய 1981-இன் விதியில் இடம் இருந்தது; இடையிலுள்ள பாதையால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைப் பற்றி அது அநேகமாக மௌனம் சாதித்தது.

அந்த மௌனத்தின் விளைவை முன்கூட்டியே கண்டவர் ஜான் நேகிள். ஃபோர்டு ஏரோஸ்பேஸ் கம்பெனியில் பணிபுரிந்த அவர் 1984 ஜனவரியில் வெளியிட்ட குறிப்பொன்றில், நெரிசலில் சிக்கிய பாக்கெட்டுகள் தொலைந்துவிட்டன என்று எண்ணி இயந்திரங்கள் மீண்டும் மீண்டும் அனுப்ப, அந்த மறுபிரதிகளே பாதையை நிரப்பி, வேலை நடப்பது போல் தோன்றினும் எதுவும் நடவாத ஒரு நிலை வரக்கூடும் என்று எச்சரித்திருந்தார். 1986 அக்டோபரில் அது வந்தே விட்டது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரம்தான். அந்த அற்ப தூரத்தில் விநாடிக்கு 32,000 பிட் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த தகவல் 40 பிட்டுக்கு இறங்கியது. கையால் எழுதி ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருந்தால் விரைவாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வான் ஜேக்கப்ஸன் அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தார். மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து அவர் ஆராய்ந்து, 1988 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டில் கூடிய மகாநாட்டில் சமர்ப்பித்த கட்டுரை, இணையத்தின் சரித்திரத்தில் தலைசிறந்த சாசனங்களுள் ஒன்று என்பது என் அபிப்பிராயம். அவர் கண்ட மருந்து எளியது. தொடர்பு தொடங்கியதும் ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பார். ஒப்புகை வந்தால் இரண்டு, பிறகு நான்கு என வளர்த்துக்கொண்டு போ. ஓரளவுக்கு மேல் வளர்ச்சியை மெதுவாக்கு. ஒரு பாக்கெட் தொலைந்ததாகத் தெரிந்தால் அதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு உடனே உன்னைச் சுருக்கிக்கொள். 1989 அக்டோபரில் வெளியான விதி நூல் இதை இணையத்தில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கட்டாயமாக்கிற்று.

கட்டாயம் என்று எழுதினேன். ஆனால் அதைக் கட்டாயப்படுத்த எவரும் இல்லை. நம் பக்கத்து வாய்க்கால் பாசனத்தில் மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி ஒருவர் உண்டு. முறை தவறினால் சச்சரவு பஞ்சாயத்து வரை போகும். இணையத்திலோ ஒவ்வொரு வயற்காரனும் தன் மடையைத் தானே அடைத்துக்கொள்ள வேண்டும். அடைக்காதவனுக்கு நஷ்டம் இல்லை. உண்மையைச் சொன்னால் லாபமே உண்டு. கோடிக்கணக்கான இயந்திரங்களின் தன்னடக்கத்தின்மேல் நிற்கும் இந்தக் கட்டடத்தில், அந்த அடக்கம் மெய்யாகவே கடைப்பிடிக்கப்படுகிறதா என்னும் வினா எழாமல் இருக்க முடியாது.

அதே 1988 மகாநாட்டில் வேறொரு யுக்தியும் முன்வைக்கப்பட்டது. டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனில் பணிபுரிந்த கே. கே. ராமகிருஷ்ணன், ராஜ் ஜெயின் ஆகிய இருவரும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்றவர்கள். பாக்கெட் தொலைந்த பிறகு நெரிசலை ஊகிப்பானேன், வழியிலுள்ள ரவுட்டரே தன்னிடம் வரிசை நீளத் தொடங்கியதும் பாக்கெட்டில் ஒரு பிட்டை மாற்றி எச்சரிக்கலாமே என்பது அவர்கள் வாதம். இந்த யோசனையை ராமகிருஷ்ணனும் பெர்க்லியின் ஸாலி ஃப்ளாய்டும் பின்னர் டி.சி.பி.க்கு ஏற்றபடி திருத்தியமைத்து, 1999 ஜனவரியில் பரிசோதனை நிலையிலும், 2001 செப்டம்பரில் முறையான விதியாகவும் வெளியிட்டார்கள். ஈ.சி.என். என்று வழங்கும் இந்த ஏற்பாடு நம் கதையில் மறுபடி வரும். சர்வர்களின் சுபாவத்தை அம்பலப்படுத்தியதில் இதற்குச் சமமான வேறொன்று கிடையாது.

நம் தேசத்தில் இந்தக் காலத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1986-இல் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையைத் தொடங்கிற்று; சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும், பம்பாயில் சீனிவாசன் ரமணி தலைமையில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதில் சேர்ந்திருந்தன. பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் இடையே விநாடிக்கு 9,600 பிட் என்னும் மெலிந்த இணைப்பு ஒன்று இருந்தது. பொதுமக்களுக்கு இணையம் திறந்தது 1995 ஆகஸ்டு 15-இல், விதேஷ் சஞ்சார் நிகாம் மூலம், பெருநகரங்களில் மட்டும். இத்தகைய ஒடுங்கிய, நெடுந்தொலைவுப் பாதைகளில் அடக்கமற்ற ஒரு சர்வர் செய்யும் அனர்த்தம், அகன்ற பாதையில் செய்வதைவிடப் பன்மடங்கு. எங்கள் தூத்துக்குடிக் கரையிலிருந்து கடலுக்கடியில் முதல் இணைய நார் இறங்கியது 2006-இல்தான். தூத்துக்குடியையும் கொழும்பை அடுத்த கல்கிசையையும் இணைத்து பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் போட்ட அந்தக் கேபிள் அளவில் சிறியது.

சோதனைக்காரர்களிடம் வருவோம். பர்டூ பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் கோமரும் ஜான் லின்னும் 1994-இல், கம்பெனிகள் விற்கும் டி.சி.பி.களின் மூல நிரலைப் பார்க்காமலே, வேண்டுமென்றே சில சூழ்நிலைகளை உண்டாக்கி அவை எப்படி எதிர்வினை செய்கின்றன என்று கவனித்தார்கள். வெளியிலிருந்து கேட்டறியும் முறைக்கு அதுவே பிள்ளையார் சுழி. பெர்க்லியில் வெர்ன் பாக்ஸன் வேறு வழியில் சென்றார்; பாதையில் ஓடும் பாக்கெட்டுகளை ஆயிரக்கணக்கில் பதிவுசெய்து, அவற்றை வாசித்துக் குற்றம் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருளை எழுதி 1997-இல் வெளியிட்டார். அக்காலத்து சோலாரிஸ் இயங்குதளத்தின் சில பதிப்புகள் ஒப்புகைக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லாமல், தூரத்து தேசங்களுக்கு அனுப்பிய பாக்கெட்டுகளை அவை பத்திரமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபடி அனுப்பின என்பதும், ஆதி லினக்ஸ் பதிப்பொன்று நெரிசல் சமயத்தில் மறு அனுப்புதல்களைச் சரமாரியாகப் பொழிந்தது என்பதும் அவர் கண்ட விஷயங்கள். கலிபோர்னியாவுக்குள் சோதித்துப் பார்த்திருந்தால் சோலாரிஸின் பதற்றம் எவர் கண்ணிலும் பட்டிராது; பாதை நீண்டால்தான் அது வெளிப்படும். செயற்கைக்கோள் வழியாக இணைந்திருந்த தேசங்களுக்கு அதன் பாரம் எப்படியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1999 மார்ச்சில் இத்தகைய குற்றங்களை எல்லாம் தொகுத்து ஒரு பட்டியலே வெளியாயிற்று. மெதுவாகத் தொடங்க வேண்டும் என்னும் விதியை அறவே மறந்தவை, தொலைந்ததை அறிந்த பின்னும் சுருங்காதவை, ஜன்னலின் தொடக்க மதிப்பை எழுத மறந்ததால் நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒரு பேரெண்ணை எடுத்துக்கொண்டு முதல் மூச்சிலேயே கொட்டித் தீர்த்தவை என்று அதில் பலவகை. கெட்ட எண்ணத்தால் விளைந்தவை அல்ல இவை, பெரும்பாலும் கவனக்குறைவு. ஆனால் அதே 1999-இல் ஸ்டீஃபன் சாவேஜும் அவருடைய சகாக்களும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொரு சங்கதியை வெளியிட்டார்கள். பெறும் முனையிலுள்ளவன் கபடக்காரனாக இருந்தால், இன்னும் வந்து சேராத பாக்கெட்டுகளுக்கும் முன்கூட்டியே ஒப்புகை அனுப்பி, யோக்கியமான சர்வரைக்கூட முண்டியடிக்கச் செய்துவிடலாம் என்பதை அவர்கள் செய்தே காட்டினார்கள். கவனக்குறைவையும் கபடத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது சுலபமல்ல.

இந்தத் தொழிலுக்கு முழு உருவம் கொடுத்தவர்கள் ஜிதேந்திர பாத்யேயும் ஸாலி ஃப்ளாய்டும். பெர்க்லியில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் இயற்றி, 2001-இல் ஒரு மகாநாட்டில் விவரித்த கருவிக்கு டிபிட் என்று பெயர். சர்வருக்கு அது ஒரு சாதாரண வாசகனாகவே தோன்றும். முகப்புப் பக்கத்தைக் கேட்கும். சர்வரும் அனுப்பத் தொடங்கும். ஆனால் இந்த வாசகனின் ஒவ்வொரு அசைவும் திட்டமிட்டது. ஒரு தடவைக்கு நூறு பைட் அளவுக்கு மேல் வாங்க முடியாது என்று சொல்லி, சிறிய பக்கத்தையும் பல பாக்கெட்டுகளாகப் பிரிக்கச் செய்யும். முதல் பாக்கெட்டுகளுக்கு ஒப்புகையே அனுப்பாமல் இருந்து, சர்வர் எத்தனையோடு நிறுத்திக்கொள்கிறது என்று எண்ணினால் அதன் தொடக்க ஜன்னல் தெரிந்துவிடும். பிறகு வருவதுதான் ரசமான பகுதி: 12 பாக்கெட்டுகள் வரை நல்லபடியாக வாங்கிக்கொண்டு, 13-ஆவதையும் 16-ஆவதையும் வராதது போல் பாவனை செய்யும்.

அந்தச் சிறு பொய்க்கு சர்வர் தரும் பதிலில் அதன் குலம் கோத்திரம் அனைத்தும் வெளியாகும். 13-ஆவதை விரைந்து அனுப்பி, 16-ஆவதையும் தயக்கமின்றி நிரப்பி, வேண்டாத எதையும் மறுபடி அனுப்பாவிட்டால் அது நியூரீனோ என்னும் புதிய வகை. 16-ஆவதை நிரப்ப, ஒப்புகைக்கான கெடுவைக் காட்டும் கடிகாரம் தீரும்வரை காத்திருந்தால் பழைய ரீனோ. ஏற்கெனவே வந்து சேர்ந்த 17-ஆவதையும் சேர்த்து அனுப்பினால் அதைவிடப் பழைய டாஹோ. 13-ஆவதற்கே கடிகாரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், விரைவாக மறு அனுப்பும் பாடத்தைக் கற்காதது, அல்லது கற்றும் பிழையாகச் செய்வது. இந்தக் கடைசி வகை அருகிய ஒன்றாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர்; ஆனால் கணிசமாகவே அகப்பட்டது. பொது வீதியில் ஒருவரையும் நிறுத்தி விசாரிக்காமல், கொடுக்கல் வாங்கலில் ஒரு கல்லை மட்டும் நகர்த்தி வைத்து மனிதரை எடைபோடும் சாமர்த்தியம் இது. சோதிக்கப்பட்ட தளங்களின் சொந்தக்காரர்களுக்கு முன்னறிவிப்பு கிடையாது. ஒரு சர்வருக்கு ஒரு பக்கம் கேட்பதோடு முடிந்துவிடுவதால் தொந்தரவு அற்பமே என்றாலும், வழக்கத்துக்கு மாறான பாக்கெட்டுகளைக் கண்டதும் காவல் மென்பொருள்கள் தாக்குதல் என்று கருதுவதும் நடக்கும்.

வழக்கத்துக்கு மாறானதைக் கண்டு மிரளும் இந்தச் சுபாவமே ராமகிருஷ்ணனின் ஈ.சி.என்.னுக்குச் சத்துருவாய் முளைத்தது. "நெரிசல் எச்சரிக்கை எனக்குப் புரியும், உனக்கும் புரியுமா?" என்று தொடர்பின் முதல் பாக்கெட்டிலேயே கேட்க வேண்டும்; அதற்கு, முந்தைய விதி பிற்காலத்துக்கென்று காலியாக ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பிட்டுகள் பயன்பட்டன. புரியாத சர்வர் அதைப் பொருட்படுத்தாமல் சாதாரணமாகப் பதில் சொன்னால் போதும். 2000-ஆம் ஆண்டில் டிபிட் 24,030 சர்வர்களைக் கேட்டுப் பார்த்தது. 277 மட்டுமே "புரியும்" என்றன. அது வியப்பில்லை, ஏற்பாடு அப்போதுதான் பிறந்திருந்தது. ஆனால் 2,151 சர்வர்கள், அதாவது நூற்றுக்கு ஒன்பது, கேள்வி கேட்டவனோடு தொடர்பே வைத்துக்கொள்ளவில்லை. சர்வர்களுக்கு முன்னால் நின்ற சில ஃபயர்வால்கள், அந்த இரண்டு பிட்டுகள் பூஜ்யமாக இல்லாத பாக்கெட்டைச் சந்தேகப்பட்டுத் தூக்கியெறிந்ததே காரணம். பிற்காலத்துக்கு என ஒதுக்கியதை எக்காலத்துக்கும் ஆகாது என்று அர்த்தம் செய்துகொண்டுவிட்டார்கள்! நாகரிகமான ஒரு கேள்வியைக் கேட்ட குற்றத்துக்காகப் பத்தில் ஒரு தளம் திறக்காமல் போகும் என்றால் எந்த இயங்குதளக்காரன் அதைக் கேட்கத் துணிவான்? ஃப்ளாய்ட் 2002 ஆகஸ்டில் இதைக் கண்டித்துத் தனியாகவே ஒரு குறிப்பு எழுதினார். சோதனையின் முடிவைக் கண்ட பின் விற்பனைக்காரர்கள் சிலர் திருத்திக்கொண்டதும் உண்மை. மெடினா, ஆல்மன், ஃப்ளாய்ட் ஆகியோர் 2004-இல் 84,394 சர்வர்களைச் சோதித்தபோது மறுத்தவை நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் ஒப்புக்கொண்டவையும் நூற்றுக்குச் சுமார் இரண்டே. கதவுகள் திறந்துவிட்டன, உள்ளே வர ஆளில்லை என்பதே அன்றைய நிலை. 2009-இல் லினக்ஸ், எதிர்முனை கேட்டால் சம்மதிப்பது என்பதை இயல்பு அமைப்பாக வைத்துக்கொண்ட பிறகே, யாதொரு ஆரவாரமும் இன்றி நிலைமை மாறிற்று. 2014-இல் மிர்யா கூலெவிண்டும் பிரையன் ட்ராமெலும் மற்றோரும் உலகின் முதல் பத்து லட்சம் தளங்களைக் கேட்டபோது பாதிக்கு மேல் சம்மதம் சொல்லின.

எந்தச் சர்வர்களைக் கேட்பது என்பதில் இந்தத் தொழிலின் பாதி தர்மம் அடங்கியிருக்கிறது. எங்கள் கரையில் இதன் அருமையை அறிந்தவர்கள் நெடுங்காலமாக உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் திறப்பதற்கு முன், அதிகாரிகள் கடலடிப் பார்களைப் பார்வையிட்டு, குளியாட்களைக் கொண்டு மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றை அழுகவிட்டு அலசி, கிடைத்த முத்துக்களைத் தரம்பிரித்து மதிப்பிட்ட பிறகே சலாபம் நடத்துவதா இல்லையா என்று தீர்மானிப்பார்கள். சென்னை ராஜதானியின் முத்து, சங்குக் குளிப்பைக் கண்காணித்த ஜேம்ஸ் ஹார்னெல் 1922-இல் வெளியிட்ட அறிக்கையைப் படிப்பவர்கள், மாதிரி எடுப்பது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்பதை உணர்வார்கள். ஒரு பாரின் சிப்பியை வைத்து இன்னொரு பாரை மதிப்பிட்டால் ஏமாற்றம் நிச்சயம். சர்வர்களைச் சோதித்தவர்கள் பெரும்பாலும் ஜனங்கள் அதிகம் நாடும் தளங்களின் ஜாபிதாவையே மாதிரியாகக் கொண்டார்கள். அந்த ஜாபிதாவில் அமெரிக்காவின் பெருங்கம்பெனிகள் நிறைந்திருக்குமேயன்றி, ஒரு தாலுகா அலுவலகத்தின் சர்வரோ, ஒரு கல்லூரியின் பழைய இயந்திரமோ இடம்பெறுவது அரிது. ஆகவே உலக சர்வர்களின் ஒழுக்கம் என்று இந்த ஆராய்ச்சிகள் சொல்வதைச் செல்வாக்குள்ள சர்வர்களின் ஒழுக்கம் என்று சற்றுக் குறைத்தே வாசிக்க வேண்டும்.

பிறகு வந்த காலத்தில் வினாவே மாறிவிட்டது. அகலமான பாதைகளும் நீண்ட தூரங்களும் வந்த பிறகு ஜேக்கப்ஸனின் பழைய முறை மிகவும் சாதுவாகத் தோன்றிற்று. அமெரிக்காவின் வட கரோலினாவில் இன்ஜோங் ரீயும் அவருடைய மாணவர்களும் செய்த க்யூபிக் என்னும் முறையை 2006-இல் லினக்ஸ் தன் இயல்பாக ஏற்றுக்கொண்டது; மைக்ரோசாஃப்ட் வேறொன்றைக் கைக்கொண்டது. விதி நூல் ஒன்று சொல்ல, நடைமுறை பலவாறாகப் பிரிந்தது. சர்வர் விதியை மதிக்கிறதா என்று கேட்டுவந்தவர்கள், எந்த விதியை என்று கேட்க நேர்ந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் 30,000 சர்வர்களைச் சோதித்து 2014-இல் வெளியிட்ட முடிவில், பழைய ரீனோ நூற்றுக்குப் பதினைந்துக்கும் கீழே போய்விட்டது; க்யூபிக்கும் அதன் முன்னோடியான பிக்கும் சேர்ந்து நூற்றுக்கு 47 வரை பிடித்திருந்தன. எந்தச் சபையும் கூடித் தீர்மானிக்காமலே உலகத்தின் போக்குவரத்து முறை மாறிவிட்டதை ஒரு பல்கலைக்கழகத்தின் சோதனைக்கருவி அறிவிக்க வேண்டியிருந்தது.

2016-இல் கூகிள் பி.பி.ஆர். என்னும் முறையைக் கொண்டுவந்தது. பாக்கெட் தொலைவதைப் பொருட்படுத்தாமல், பாதையின் அகலத்தையும் பயண நேரத்தையும் தானே அளந்து அதற்கேற்ப அனுப்புவது அதன் போக்கு. அதை உருவாக்கியவர்களில் வான் ஜேக்கப்ஸனும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. தொலைந்த பாக்கெட்டே நெரிசலின் அடையாளம் என்று 1988-இல் உலகுக்குப் போதித்தவரே, அந்த அடையாளத்தை நம்பவேண்டாம் என்று முப்பதாண்டு நிறையும் முன்பே சொல்ல முன்வந்தார். பழைய முறையைப் பின்பற்றும் தொடர்புகளோடு ஒரே பாதையில் செல்லும்போது பி.பி.ஆர். தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்ற புகார் சீக்கிரமே எழுந்தது. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில், தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆயுஷ் மிஸ்ராவும் பென் லியோங்கும் மற்றவர்களும் 2019-இல் உலகின் முதல் 20,000 தளங்களைக் கணக்கெடுத்தார்கள். க்யூபிக் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்; பி.பி.ஆரும் அதன் வகையும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பிறந்து மூன்றே ஆண்டான ஒரு முறை, அதுவும் மிக அதிகமாகத் தகவல் பெருகும் தளங்களில். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் ஸாலி ஃப்ளாய்ட் காலமானார்.

இப்போது டி.சி.பி.யின் இடத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பிடித்துவரும் க்விக் என்னும் ஏற்பாடு, 2021 மேயில் விதியாக வெளியானது. அதில் வரிசை எண்ணும் ஒப்புகையும்கூட மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், பாதையோரத்தில் நின்று பாக்ஸன் போலப் பதிவுசெய்து குற்றம் காண்பவர்களுக்கு இனி வேலையில்லை. பாத்யே, ஃப்ளாய்ட் போல வாசகன் வேஷத்தில் நேரே போய்க் கேட்பவர்களுக்கே இடம் உண்டு. அது மட்டுமல்ல. டி.சி.பி. இயங்குதளத்தின் உள்ளே இருந்ததால் உலகத்தில் நான்கைந்து வகைகளைச் சோதித்தால் போதுமாயிருந்தது; க்விக்கை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே எழுதிக்கொள்கிறது. சிங்கப்பூர்க் குழுவினர் 2022-இல் அத்தகைய பல பிரதிகளை எடுத்து, க்யூபிக் என்றும் பி.பி.ஆர். என்றும் பெயரிட்டுக்கொண்டவை லினக்ஸிலுள்ள மூலத்தைப் போல நடந்துகொள்கின்றனவா என்று ஒப்பிட்டபோது, சில பிரதிகள் பெயரளவில் மட்டுமே அவையாக இருந்தன. கூகிளின் க்ரோமியம் உலாவியிலுள்ள க்விக், தன் ஒரே தொடர்பை இரண்டு தொடர்புகளாகப் பாவித்து அதற்கேற்ற பங்கைக் கோருவது 2017-லேயே வேறோர் ஆய்வில் வெளிவந்திருந்தது. பெயருக்கும் நடத்தைக்கும் இடையே இருந்த பேதங்களில் சிலவற்றைச் சிறு மாற்றங்களாலேயே சரிசெய்ய முடிந்ததென்று 2022-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது.